வாரா, பல்சக்கரமா? – தம் கையால் விமானம் கட்டுவோர் முன் நிற்கும் ஒரு தேர்வு



இந்த மேசைமீது இரண்டு பொருள்களை வைத்திருக்கிறேன். ஒன்று, ஒரு கார்ப் பட்டறையில் கேட்டு வாங்கிய பழைய பல்வார். உட்புறத்தில் பற்கள் வார்க்கப்பட்ட ரப்பர் வார். மற்றொன்று, ஒன்றோடொன்று பொருந்திச் சுழலும் ஒரு சோடிப் பல்சக்கரங்கள். இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை. விரைவாகச் சுழலும் ஒரு தண்டின் ஆற்றலை, மெதுவாகச் சுழலும் மற்றொரு தண்டுக்கு மாற்றித் தருபவை. தம் வீட்டுக் கொட்டகையில் தாமே சிறு விமானம் கட்டுகிறவர்கள், எஞ்சினுக்கும் முன்னால் சுழலும் உந்துவிசிறிக்கும் இடையே இவற்றுள் எதை வைப்பது என்று நெடுங்காலமாக வழக்காடி வருகிறார்கள். அந்த வழக்கைத்தான் இன்று உங்கள் முன் எடுத்து வந்திருக்கிறேன்.

மொழி மன்றத்தின் மேடையில் எஞ்சின் பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணலாம். வாதத்தின் இரு பக்கங்களையும் எடைபோட்டு ஒரு முடிவுக்கு வருவதற்கு மொழி வேண்டும். அந்த எடைபோடலைத் தமிழிலேயே செய்ய முடிந்தால்தான் அறிவியல் நம் வகுப்பறைக்குள் குடியேறியதாகப் பொருள். இன்னொரு காரணமும் உண்டு. இந்தத் தேர்வில் தவறினால் மதிப்பெண் குறைவதோடு முடியாது. கட்டியவரும் அவரை நம்பி அருகில் அமர்ந்தவரும் வானத்தில் இருப்பார்கள்.

குறைப்பு ஏன் வேண்டும்?

அமெரிக்காவில் தம் கையால் விமானம் கட்டும் மரபு வலுவானது. அவர்களுக்கெனச் சோதனை விமானச் சங்கம் 1953ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. விஸ்கான்சின் மாநிலத்து ஆஷ்காஷ் நகரில் 1970 முதல் அதன் பெருங்கூடல் நடந்து வருகிறது. அந்நாட்டு விதிப்படி, விமானத்தின் பெரும்பகுதியைத் தொழில்முறை சாராதவர்கள் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தாமே கட்டியிருக்க வேண்டும். அப்படிக் கட்டுவோர் பலர் செலவைக் கருதிக் கார் எஞ்சினை நாடுகிறார்கள். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

1929இல் மினசோட்டா மாநிலத்து பெர்னார்ட் பீட்டன்போல், ஃபோர்டு மாடல் ஏ காரின் எஞ்சினைத் தம் சிறு விமானத்தில் பொருத்திப் பறந்தார். அவருக்குக் குறைப்பு எதுவும் தேவைப்படவில்லை. அந்த எஞ்சின் தன் 40 குதிரைத்திறனை நிமிடத்துக்கு 2200 சுற்றுகளிலேயே தந்துவிடும். உந்துவிசிறியை எஞ்சின் தண்டிலேயே நேராகப் பூட்டிவிடலாம். இக்காலக் கார் எஞ்சினோ சிறியது. 5000, 5500 சுற்றுகளுக்கு ஏறினால்தான் தன் முழுத் திறனையும் காட்டும்.

அவ்வளவு விரைவில் உந்துவிசிறியைச் சுழற்றினால் என்ன? மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். 1.8 மீட்டர் விட்டமுள்ள விசிறியின் நுனி ஒரு சுற்றில் 5.65 மீட்டர் செல்கிறது. நிமிடத்துக்கு 2700 சுற்றுகள் என்றால் நொடிக்கு 45 சுற்றுகள். நுனியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 254 மீட்டர். அதே விசிறி 5500 சுற்றுகளில் சுழன்றால் நுனி நொடிக்கு 518 மீட்டர் வேகத்தை எட்டும். காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். ஒலியின் வேகத்தை நெருங்கும்போதே அலகின் மேல் அதிர்ச்சி அலைகள் எழுகின்றன, இரைச்சல் பெருகுகிறது, உந்துதல் குன்றுகிறது. விசிறியைச் சிறிதாக்கித் தப்பலாமே என்றால், மெதுவாகப் பறக்கும் சிறு விமானத்துக்கு மிகுந்த காற்றை மென்மையாகத் தள்ளும் பெரிய விசிறியே ஏற்றது. எனவே எஞ்சின் விரைவாகவும் விசிறி மெதுவாகவும் சுழல வேண்டும். 2.2க்கு 1 என்ற விகிதத்தில் குறைத்தால் 5500 சுற்றுகள் 2500 ஆகின்றன. நுனி 235 மீட்டருக்கு இறங்குகிறது.

இந்த வழி வெற்றி தரும் என்பதற்கு ஆஸ்திரிய நாட்டு ரோட்டாக்ஸ் நிறுவனத்தின் 912 வகை எஞ்சின் சான்று. அதன் 100 குதிரைத்திறன் வடிவம் 1.35 லிட்டர் கொள்ளளவே உடையது. 5800 சுற்றுகளில் ஓடி, 2.43க்கு 1 என்ற பல்சக்கரக் குறைப்பின் வழியே விசிறியை 2400க்குச் சற்றுக் கீழே சுழற்றுகிறது. குறைப்பே இல்லாத கான்டினென்டல் ஓ-200 எஞ்சின் அதே 100 குதிரைத்திறனைத் தர 3.3 லிட்டர் கொள்ளளவு தேவைப்படுகிறது.

ரைட் சகோதரர்கள் கற்ற பாடம்

1903இல் ரைட் சகோதரர்களின் விமானமும் குறைப்போடுதான் பறந்தது. எஞ்சினில் 8 பற்கள் கொண்ட சக்கரம், விசிறித் தண்டில் 23 பற்கள் கொண்ட சக்கரம், இடையே சங்கிலி. மிதிவண்டிக் கடை நடத்தியவர்களுக்கு அது கைவந்த கலை.

ஆயினும் அவ்வாண்டு நவம்பரில் அவர்களை வாட்டியது அந்தப் பகுதியே. எஞ்சின் சீரின்றி வெடித்து ஓடியபோது விசிறித் தண்டுகள் சேதமுற்றன. அவற்றைத் தம் ஊரான டேட்டனுக்கு அனுப்பிச் சீர்செய்து வருவித்தார்கள். பிறகு பற்சக்கரங்கள் தளர்ந்தன. மிதிவண்டி டயரை ஒட்டும் பசையை ஊற்றி இறுக்கினார்கள். அதன்பின் குழாய் வடிவத் தண்டு ஒன்றில் விரிசல் கண்டது. ஆர்வில் ரைட் தாமே ஊருக்குத் திரும்பி, உள்ளீடற்ற தண்டுகளுக்கு மாற்றாகத் திண்ணிய எஃகுத் தண்டுகளைச் செய்துகொண்டு டிசம்பர் 11ஆம் நாள் வந்து சேர்ந்தார். 17ஆம் நாள் விமானம் பறந்தது.

எஞ்சினின் திறன் 12 குதிரைத்திறன் அளவே. அவ்வளவு சிறிய எஞ்சின் ஏன் தண்டுகளை உடைத்தது? இந்த வினாவுக்கு விடை தெரிந்தவரே வாரா பல்சக்கரமா என்று கேட்கத் தகுதி பெற்றவர்.

முறுக்கு அதிர்வு

முறுக்கு என்றதும் இளையோருக்குத் தின்பண்டம் நினைவுக்கு வரும். நான் சொல்வது ஈரத்துணியைப் பிழியும்போது இரு கைகளும் எதிரெதிராகச் செய்யும் முறுக்கு. எஃகுத் தண்டும் துணியைப் போல மிகச் சிறிதளவு முறுகும்; விட்டதும் மீளும்.

நான்கு உருளைகளும் நான்கு வீச்சும் கொண்ட எஞ்சின் ஒரு சுற்றில் இரண்டு முறை வெடிக்கிறது. அது தண்டை ஒரே சீராகத் திருப்புவதில்லை. குத்துக் குத்தாகத் தள்ளுகிறது. 1500 சுற்றுகளில் நொடிக்கு 50 குத்துகள். 5000 சுற்றுகளில் நொடிக்கு 167. தண்டின் ஒரு முனையில் இப்படித் துடிக்கும் எஞ்சின். மறுமுனையில் கனத்த சக்கரம்போல் சீராகச் சுழல விரும்பும் விசிறி. இடையில் உள்ள அனைத்தும் ஒரு சுருள்வில்லைப் போல முறுகி மீண்டுகொண்டிருக்கும்.

ஊஞ்சலை எண்ணிப் பாருங்கள். அதற்கென ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. அந்தத் தாளத்திலேயே தள்ளினால் சிறு குழந்தையும் பெரியவரை உயர ஆட்டிவிடும். எஞ்சினின் குத்துகள் இடைநிற்கும் அமைப்பின் இயல்பு அதிர்வெண்ணோடு ஒன்றினால் இதுவே நிகழும். இதனை ஒத்ததிர்வு என்கிறோம். அப்போது தண்டு தாங்கும் முறுக்கு, எஞ்சின் தரும் சராசரி முறுக்கைப் போலப் பல மடங்காகலாம். தண்டுக்கு எஞ்சின் பெரியதா சிறியதா என்பது பொருட்டன்று. தாளம் ஒன்றுகிறதா என்பதே பொருட்டு.

தப்பும் வழி இரண்டு. அமைப்பை மிக விறைப்பாகச் செய்து, ஒத்ததிர்வை எஞ்சினின் உச்ச வேகத்துக்கு மேலே தள்ளிவிடலாம். அல்லது ரப்பர் இணைப்பு போன்ற நெகிழ்ச்சியான பகுதியைச் சேர்த்து, அதை வெற்றோட்ட வேகத்துக்கும் கீழே இறக்கிவிடலாம். பின்னதில் எஞ்சின் கிளம்பும்போது மட்டும் அந்த வேகத்தை விரைவாகக் கடந்து செல்லும்.

வாரின் வழக்கு

தையல் இயந்திரத்தின் தோல்வார் நாம் அறிந்ததே. அது உராய்வினால் இழுப்பது. சுமை மிகுந்தால் வழுக்கும். பல்வார் வழுக்காது. உள்ளே நீளாத இழைகள் ஓட, பற்கள் கப்பியின் பள்ளங்களில் அமர்ந்து இழுக்கின்றன.

வாருக்கு எண்ணெய் வேண்டா. எண்ணெய் கசியும் உறையும் வேண்டா. உராய்வில் எழும் வெப்பத்தைக் காற்றே கொண்டு செல்கிறது. விகிதத்தை மாற்ற வேண்டுமானால் கப்பியை மாற்றினால் போதும். பற்களைச் சாணையிடும் பெரிய பட்டறையை நாட வேண்டியதில்லை. விசிறி தரையில் இடித்தால், அந்த அடியில் ஒரு பகுதியை வார் தாங்கி எஞ்சினைக் காக்கக்கூடும். எல்லாவற்றையும்விடப் பெரிய நன்மை, அது கண்ணுக்குத் தெரிவது. பறப்பதற்குமுன் குனிந்து பார்த்தால் பல்லின் விரிசலும் விளிம்பின் பிசிறும் புலப்படும்.

இனி அதன் விலை. 75 கிலோவாட், அதாவது ஏறத்தாழ 100 குதிரைத்திறனை 5000 சுற்றுகளில் தரும் எஞ்சினின் முறுக்கு 143 நியூட்டன் மீட்டர். சிறிய கப்பியின் ஆரம் 5 சென்டிமீட்டர் என்றால், வாரின் இழுவை 2860 நியூட்டன். நான்கு பேர் தொங்கும் எடை அது. இது சராசரிதான். வார் தளராதிருக்க முன்கூட்டியே ஏற்றும் இழுவிசையும், ஒவ்வொரு வெடிப்பின் உச்சமும் இதனோடு சேரும். இவ்வளவும் கிராங்க் தண்டு எனப் பட்டறைகளில் வழங்கும் வணரித்தண்டின் முனையைப் பக்கவாட்டில் வளைக்கப் பார்க்கிறது. காரில் அத்தகைய சுமைக்கு அந்த முனை வடிவமைக்கப்படவில்லை. ஆகவே கப்பிக்கு அப்பாலும் ஒரு தாங்கியை வைத்து அந்தச் சுமையை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தத் தாங்கி இல்லாத வாரமைப்பை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கப்பிகள் நேர்கோட்டில் நில்லாமை, எண்ணெய் படுதல், சிறு கல் புகுதல், சேமிக்கும்போது கூர்மையாக மடித்தல் ஆகிய நான்கும் வாரின் பகைகள். ஒருமுறை மடித்த வாரின் உள்ளிழை வெளியே தெரியாமல் அறுந்திருக்கலாம்.

பல்சக்கரத்தின் வழக்கு

பல்சக்கரம் கையடக்கமானது. ஒரே திறனை வாரைவிடக் குறைந்த அகலத்தில் கடத்தும். பற்கள் ஒன்றையொன்று தள்ளும் விசையைப் பெட்டிக்குள் இருக்கும் தாங்கிகளே ஏற்கின்றன. நெகிழ் இணைப்பின் வழியே வருவதால் வணரித்தண்டுக்குத் திருப்பும் வேலை மட்டுமே. பறக்கும்போதே அலகின் கோணத்தை எண்ணெய் அழுத்தத்தால் மாற்றும் விசிறியைப் பூட்டவும் பல்சக்கரப் பெட்டி வசதியானது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து மெர்லின் எஞ்சின்கள் ஆயிரம் குதிரைத்திறனுக்கும் மேற்பட்ட ஆற்றலைப் பல்சக்கரம் வழியாகவே விசிறிக்குக் கடத்தின.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. ஒரு சோடிப் பல்சக்கரம் சுழலும் திசையை மாற்றிவிடும், வார் மாற்றாது. விசிறி வாங்குமுன் இதைப் பாராதவர், பின்னோக்கித் தள்ளும் விசிறியோடு திகைத்து நிற்பார்.

பல்சக்கரத்தின் விலை துல்லியமும் எண்ணெயும். 75 கிலோவாட்டில் நூற்றுக்கு இரண்டு பங்கு வீணானாலும் 1.5 கிலோவாட் வெப்பம். துணி தேய்க்கும் மின்பெட்டி ஒன்றை அந்தச் சிறு பெட்டிக்குள் ஓயாமல் எரியவிட்டதற்கு ஒப்பு. எண்ணெயே அந்த வெப்பத்தை எடுத்துச் செல்ல வேண்டும்.

மேலும், பற்களுக்கிடையே சிறிது இடைவெளி இருந்தே தீரும். குறைந்த வேகத்தில் எஞ்சின் ஒரு கணம் தள்ளும்; மறுகணம் தளரும். விசிறியோ தன் வேகத்தில் சுழலும். அப்போது பற்கள் முன்முகத்தைவிட்டு விலகிப் பின்முகத்தில் மோதும். மீண்டும் முன்முகத்தில் மோதும். தடதடவென்று கேட்கும் அந்த ஒலி, சுத்தியல் அடியின் ஒலி. ரோட்டாக்ஸ் 912 எஞ்சினின் வெற்றோட்டத்தை 1400 சுற்றுகள் அளவில் உயர்வாக வைப்பதன் பயன் இங்கே விளங்கும். அதன் குறைப்பிக்குள் அதிர்வு தணிப்பி ஒன்றும் வைக்கப்பட்டுள்ளது.

பல்சக்கரம் உறைக்குள் மறைந்திருப்பதால் அதன் நோயைக் கண்ணால் காண்பதற்கில்லை. எண்ணெயில் காந்த முளை ஒன்றை வைத்து, அதில் ஒட்டும் இரும்புத் துகளைக் கொண்டே உள்நிலையை அறிகிறார்கள். நாடி பார்ப்பது போன்றது அது. தவறாமல் பார்ப்பவருக்கே பயன்படும்.

இரண்டு நம்பிக்கைகள்

இவ்வழக்கில் இரண்டு நம்பிக்கைகள் உலவுகின்றன. ரப்பரால் ஆனதால் வார் எல்லா அதிர்வையும் விழுங்கிவிடும் என்பது ஒன்று. எஃகால் ஆனதால் பல்சக்கரம் எதையும் தாங்கும் என்பது மற்றொன்று. இரண்டும் பிழை.

பல்வாரின் வலிமை நீளாத இழைகளில் இருக்கிறது. நீளாதது மிக நெகிழ்வதில்லை. அதுவும் ஒரு சுருள்வில்லே. அதன் ஒத்ததிர்வு, எஞ்சின் நாள்தோறும் ஓடும் வேகத்திலேயே வந்து அமரக்கூடும். பல்சக்கரம் விறைப்பானது, ஆனால் இரு முனைகளிலும் உள்ள தண்டுகளும் விசிறியும் சேர்ந்தே அதிர்வெண்ணைத் தீர்மானிக்கின்றன. எஃகும் மிகுந்த முறுக்கு மீண்டும் மீண்டும் வந்தால் களைத்து விரிசலுறும். ரைட் சகோதரர்களின் தண்டும் எஃகுதான்.

நான் கண்ட முடிவு இது. வார், பல்சக்கரம் என்பவற்றுள் ஒன்றைத் தனியே தேர்ந்தெடுக்க முடியாது. எஞ்சின், குறைப்பி, விசிறி ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரே பொருள். ஒன்றை மாற்றினால் மூன்றும் மாறுகின்றன. பழைய விசிறியைக் கழற்றிவிட்டுக் கனமான புதிய விசிறியைப் பூட்டியவர், தம்மை அறியாமலே வேறொரு குறைப்பியைப் பூட்டியவராகிறார். கிளம்பும்போது உறுத்துகிறதென்று எஞ்சினின் கனத்த ஃபிளைவீலைக் கழற்றி எறிந்தவரும் அப்படியே.

கேட்க வேண்டிய வினாக்கள்

ஆகவே, கட்ட முற்படுபவர் கேட்க வேண்டிய முதல் வினா, எனக்கு வேண்டிய விசிறி எவ்வளவு பெரியது, எந்த வேகத்தில் சுழல வேண்டும் என்பது. விகிதம் அதிலிருந்து பிறக்கும். இரண்டாவது, இதே எஞ்சினும் இதே குறைப்பியும் இதே விசிறியும் ஒன்றாக எத்தனை மணிநேரம் ஓடியிருக்கின்றன, முறுக்கு அதிர்வை யாரேனும் கருவி கொண்டு அளந்திருக்கிறார்களா என்பது. மூன்றாவது, பழுது தொடங்கும்போது எனக்கு எவ்வாறு தெரியவரும் என்பது. நான்காவது, பறக்கும்போது அது அறுந்தால் நான் எங்கே இறங்குவேன் என்பது. வாரோ பல்சக்கரமோ, ஆற்றல் செல்லும் பாதை ஒன்றே. அறுந்தால் மாற்றுப் பாதை இல்லை.

இவற்றுக்குப் பின், பொதுவாக நான் சொல்லத்தக்கது இவ்வளவே. ஏறத்தாழ 100 குதிரைத்திறனுக்குள், இலகுவான மர விசிறியோடு, தாமே அடிக்கடி திறந்து பார்க்கும் பழக்கமுடையவருக்கு, வெளித்தாங்கியுடன் கூடிய வாரமைப்பு நேர்மையான தேர்வு. திறன் மிகும்போதும், விசிறி கனக்கும்போதும், கோணம் மாறும் விசிறி வேண்டும்போதும் அதிர்வு தணிப்பியோடு முழுமையாக வடிவமைக்கப்பட்ட பல்சக்கரப் பெட்டியே ஏற்றது. இரண்டாவது வினாவுக்கு விடை கிடைக்காவிடில், இரண்டுமே ஏற்றவையல்ல.

தேர்வு சரியாக அமைந்தாலும் பயன்படுத்துவோர் அதை அறிந்திருக்க வேண்டும். 1958இல் வெளிவந்த செஸ்னா 175 விமானத்தில் குறைப்பியுள்ள எஞ்சின் இருந்தது. எஞ்சின் 3200 சுற்றுகளில் ஓட, விசிறி 2400இல் சுழலும். முந்தைய விமானங்களில் பழகிய பலர், ஊசி உயரக் கண்டு எஞ்சினை வருத்துகிறோமோ என்று அஞ்சி, வேகத்தைக் குறைத்தே ஓட்டினார்கள். எஞ்சினுக்கு நன்மை செய்வதாக எண்ணி அதற்கு ஒவ்வாத வேகத்தில் அதை உழைக்க வைத்தார்கள். அந்த எஞ்சின் கெட்டபெயர் எடுத்தது; சில ஆண்டுகளிலேயே அந்த விமானத்தின் தயாரிப்பும் நின்றது. பொறி மாறியது, பழக்கம் மாறவில்லை.

ஆசிரியப் பெருமக்களே, நுனியின் வேகமும் வாரின் இழுவையும் உயர்நிலைப் பள்ளி மாணவர் போட்டுப் பார்க்கத்தக்க கணக்குகள். ஊஞ்சலும் ஈரத்துணியும் எல்லா வீட்டிலும் உண்டு. மாணவச் செல்வங்களே, யாரேனும் ஒரு பொருளைக் காட்டி இதுவே சிறந்தது என்றால், எதனோடு சேரும்போது என்று கேளுங்கள். விமானம் கட்டுபவர் அந்தக் கேள்வியைத் தரையில் இருக்கும்போதே கேட்டாக வேண்டும். அவர் அருகில் அமரப் போகிறவர் கணக்குப் போட்டவர் அல்லர். கணக்குப் போட்டவரை நம்பி ஏறியவர்.

உரை முடிந்ததும் இந்த வாரையும் பல்சக்கரங்களையும் கையில் எடுத்துப் பாருங்கள். வாரை மட்டும் மடித்துவிடாதீர்கள்.